கருவிலிருக்கும் குழந்தையும் மக்காத இரசாயனங்களும்: பந்திங் வட்டாரத் தோட்டத் தாய்மார்களின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பந்திங், ஜெஞ்சாரோம், தெலுக் டத்தோ ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் எழுந்த தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் வாழும் கர்ப்பிணிகளும் அவர்களுடைய வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. கிளினிக்கில் மருத்துவரிடமோ தாதியிடமோ எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இவை உதவும்.

மக்காத இரசாயனங்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

வெயில், மழை, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஆகியவற்றால் எளிதில் சிதையாமல், மண்ணிலும் ஆற்றுச் சேற்றிலும் உயிர்களின் உடலிலும் பல ஆண்டுகள் தங்கிவிடும் தொழில்துறைப் பொருள்களைச் சொல்கிறோம். பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் இருந்த பி.சி.பி., குப்பையும் நெகிழியும் எரியும்போது தானாக உண்டாகும் டையாக்சின், கொசு ஒழிப்புக்கு அடிக்கப்பட்ட டி.டி.டி., எண்ணெயும் நீரும் ஒட்டாத பூச்சுகளிலும் தீயணைப்பு நுரையிலும் சேர்க்கப்பட்ட பி.எஃப்.ஏ.எஸ். குடும்பம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. 2001இல் ஸ்டாக்ஹோமில் ஏற்கப்பட்டு 2004இல் நடப்புக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை முதலில் 12 பொருள்களைப் பட்டியலிட்டது. பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும் பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும் அதில் சேர்க்கப்பட்டன. பாதரசம் தனிமம் ஆதலால் அது ஒருபோதும் சிதைவதில்லை. அதனால் அதையும் இங்கே சேர்த்தே பேசுகிறோம்.

தாயின் உடலிலிருந்து இவை குழந்தைக்கு எப்படிப் போகின்றன?

நஞ்சுக்கொடி பல கிருமிகளைத் தடுத்து நிறுத்தினாலும் இந்த இரசாயனங்களைத் தடுப்பதில்லை. பி.சி.பி., டையாக்சின், டி.டி.டி. ஆகியவை கொழுப்பில் கரைபவை. தாயின் உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்து, கர்ப்பக் காலத்தில் இரத்தத்தின் வழியே குழந்தையைச் சென்றடைகின்றன. பி.எஃப்.ஏ.எஸ். பொருள்களோ கொழுப்பில் சேராமல் இரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தாயின் இரத்தத்தில் இருக்கும் பி.எஃப்.ஓ.ஏ. அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவு தொப்புள்கொடி இரத்தத்திலும் காணப்படுகிறது, பி.எஃப்.ஓ.எஸ். அதைவிடக் குறைவாகவே கடந்து செல்கிறது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பி.எஃப்.ஓ.ஏ. ஒருவர் உடலில் பாதியாகக் குறைவதற்கு மூன்று ஆண்டுகள் வரை ஆகும்; மிகக் கொடிய டையாக்சினுக்கு ஏழு, எட்டு ஆண்டுகள் ஆகும். அப்படியானால் கர்ப்பம் தரித்த பெண்ணின் உடலில் இருப்பது அந்த ஒன்பது மாதங்களில் அவள் உண்டதாலோ செய்ததாலோ மட்டும் வந்ததன்று. அவள் பிறந்து வளர்ந்த ஊரின் காற்றும் நீரும் உணவும் பல்லாண்டுகளாகக் கொடுத்தது. குழந்தைக்கு ஏதாவது குறை என்றதும் “நீ என்னத்தைத் தின்றாய்?” என்று மருமகளைக் கேட்பது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. இந்த விஷயத்தில் அந்தக் கேள்விக்கு அறிவியலில் இடமே இல்லை.

பிறந்த குழந்தைக்கு இவற்றால் என்ன பாதிப்பு வரும்?

அளவைப் பொறுத்தது. மிக அதிக அளவில் உட்கொண்டால் என்ன நடக்கும் என்பதை இரண்டு பெரும் விபத்துகள் காட்டின. 1968இல் ஜப்பானின் மேற்குப் பகுதியிலும் 1979இல் தைவானிலும், அரிசித் தவிட்டு எண்ணெயைப் பதப்படுத்தும் ஆலைக் குழாய்களிலிருந்து பி.சி.பி. கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. அந்த எண்ணெயை உண்ட தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளில் பலர் தோல் கறுத்து, எடை குறைந்து பிறந்தார்கள். தைவானில் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைகளிடம்கூட வளர்ச்சித் தாமதம் காணப்பட்டது.

நம்மைப் போன்ற சாதாரண மக்களிடம் இருக்கும் அளவு அதைவிட மிகக் குறைவு. அங்கே பாதிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, கணக்கில்தான் தெரிகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி மீனை அதிகம் உண்ட தாய்மார்களின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 160 முதல் 190 கிராம் வரை எடை குறைந்து பிறந்ததாக 1984இல் ஓர் ஆய்வு வெளியானது. பி.எஃப்.ஓ.ஏ. பற்றிய ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, தாயின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, கூடும்போது குழந்தையின் எடை சராசரியாக 19 கிராம் குறைவதாகத் தெரிந்தது.

ஆனால் இந்த 19 கிராம் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயின் இரத்த அளவு பெருகுகிறது; சிறுநீரகமும் அதிகமாக வடிகட்டுகிறது. குழந்தை நன்றாக வளரும் தாயிடம் இந்தப் பெருக்கம் கூடுதலாக இருப்பதால், அவளுடைய இரத்தத்தில் இரசாயனம் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இரத்தம் எடுத்த ஆய்வுகளை 2018இல் தனியே பிரித்துப் பார்த்தபோது, எடைக் குறைவுக்கும் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஓர் இரசாயன ஆலைக்கு அருகே ஏறக்குறைய 69,000 பேரிடம் தகவல் திரட்டிய அறிவியலாளர் குழுவும், பி.எஃப்.ஓ.ஏ.வுக்கும் கர்ப்பக் கால இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று முடிவு செய்ததே தவிர, குறைந்த எடைக்கு அத்தகைய தொடர்பைக் காணவில்லை.

எடையைவிட எனக்குக் கவலை தருவது நோய் எதிர்ப்பாற்றல். ஃபாரோ தீவுகளில் ஃபிலிப் கிராண்ட்ஜீன் குழுவினர் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, ஐந்து வயதில் இரத்தத்திலிருந்த பி.எஃப்.ஏ.எஸ். அளவு இரு மடங்காக இருந்த குழந்தைகளுக்கு, ஏழு வயதில் டெட்டனஸ், டிஃப்தீரியா தடுப்பூசிகளால் உருவான எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் நான்கு பி.எஃப்.ஏ.எஸ். பொருள்களுக்கு வார வரம்பு விதித்தபோது, குழந்தைகளின் தடுப்பூசிப் பலன் குறைவதையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே பிள்ளையின் தடுப்பூசித் தேதி ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

என் குழந்தை 2.3 கிலோதான் இருந்தது. இதனாலா?

தனி ஒரு குழந்தையைக் காட்டி இதனால்தான் என்று யாராலும் சொல்ல இயலாது. 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளுக்குப் பெரிய காரணங்கள் வேறு: 37 வாரத்துக்கு முன்பே பிறப்பது, தாயின் இரத்தச் சோகை, உயர் இரத்த அழுத்தம், பிள்ளைகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லாமை, வீட்டில் சிகரெட் புகை. தாய் புகைத்தால் மட்டுமே சராசரியாக 200 கிராம் வரை குறைகிறது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அலமாரியில் கிடந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இராச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கிப் பாருங்கள், தேநீரோடு மட்டும் வேண்டாம்.

நான் தோட்டத்தில் மருந்தடிக்கிறேன். இப்போது மூன்று மாதம். வேலையை விட வேண்டுமா?

மருந்தடிப்பை விட வேண்டும். வேலையை விட வேண்டியதில்லை.

புல் மருந்துகள் மேலே சொன்ன மக்காத வகையைச் சேர்ந்தவை அல்ல. கிளைபோசேட் மண்ணில் வாரங்களிலோ மாதங்களிலோ சிதைந்துவிடும். பாராகுவாட் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் கிடந்தாலும், உணவுச் சங்கிலி வழியே பெருகி வருவதில்லை. ஆனால் மக்கிவிடும் என்பதற்காகத் தீங்கற்றது என்று பொருளாகாது. பாராகுவாட்டின் நஞ்சுத் தன்மையைப் பற்றித் பெண் தொழிலாளர் உரிமைக்குப் பாடுபடும் தெனகாநித்தா அமைப்பு 2002இலேயே மருந்தடிக்கும் பெண்களிடம் விசாரித்து ஆய்வு வெளியிட்டது. அந்த மருந்து நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டதோ 2020 சனவரி முதல் தேதிதான். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் நம் பெண்களின் முதுகில்தான் அந்த மருந்து சென்றது என்பதை மறக்க முடியவில்லை.

மருந்தடித்தவர்களுக்குத் தெரியும்: பம்பின் மூடியில் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், குனியும்போதெல்லாம் கரைசல் கழுத்துக்குப் பின்னால் வழிந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், வெயிலில் காய்ந்தபின் துணியில் வெள்ளையாகக் கோடு விழும். முகக்கவசத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். உண்மையில் உடலுக்குள் மிகுதியாகப் போவது அந்த ஈரத் தோலின் வழியாகத்தான்.

அபாயமான இரசாயனங்களைப் பற்றிய 2000ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார விதிகளின்படி, தொழிலாளர் கையாளும் இரசாயனங்களின் ஆபத்தை மதிப்பிடுவது முதலாளியின் கடமை. உடல்நலக் காரணத்தால் இரசாயன வேலையிலிருந்து விலக்கி வைக்கும் பாதுகாப்பு, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அதே விதிகளில் உண்டு. கிளினிக் மருத்துவரிடம் நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லி, மருந்தடிப்பு, மருந்து கலக்குதல், பம்பு கழுவுதல் ஆகிய மூன்றும் கூடாது என்று கடிதம் வாங்கி, அதன் நகலை வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வருவது போதாது. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்தாலும் இதையே செய்யுங்கள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்வதற்கும் வேலைச் சட்டத்தில் தடை உண்டு. 2023 முதல் பேறுகால விடுப்பும் 98 நாள்.

கணவர் மருந்தடிப்பவர் என்றால், அவருடைய வேலைத் துணி பிள்ளைத் துணியோடு ஒரே வாளியில் ஊறக்கூடாது. அவர் வெளியிலேயே துணியை மாற்றிக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும்.

லயத்துக்குப் பின்னால் நெகிழியையும் பழைய கம்பிகளையும் எரிக்கிறார்கள். அந்தப் புகை கருவைப் பாதிக்குமா?

இந்த வட்டாரத்தில் எல்லாவற்றையும்விட அவசரமான கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

2018இல் சீனா வெளிநாட்டு நெகிழிக் குப்பையை ஏற்க மறுத்தபின், அந்தக் குப்பை கப்பல் கப்பலாகக் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. ஜெஞ்சாரோம் பக்கம் அனுமதியில்லாத ஆலைகள் முளைத்து, விற்க முடியாத கழிவை இரவில் எரித்தன. மக்கள் புகார் மேல் புகார் கொடுத்த பிறகுதான் பல ஆலைகள் மூடப்பட்டன. 2019 மே மாதத்தில் 3,000 டன் குப்பையை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அரசாங்கம் அறிவித்தது.

பெரிய ஆலைகள் போனாலும் சிறிய தீ நிற்கவில்லை. செம்புக்காகக் கம்பியை எரிக்கும்போது, மேலுறையான பி.வி.சி. நெகிழியில் குளோரின் இருக்கிறது, உள்ளே இருக்கும் செம்பு வினையைத் தூண்டுகிறது, தீயோ அரைகுறையாக எரிகிறது; டையாக்சின் உண்டாக வேண்டிய மூன்றும் அங்கே ஒன்றுகூடுகின்றன. பச்சை நிறத்தில் சுடர் எழுவதைப் பார்த்தால் செம்பு எரிகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

புகையை மூச்சில் இழுப்பது ஒரு வழிதான். டையாக்சின் மனித உடலில் சேர்வது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உணவின் வழியாக. சாம்பல் மண்ணில் விழுகிறது. அந்த மண்ணைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியின் கொழுப்பில் சேர்ந்து முட்டைக்கு வருகிறது. கிழக்கு ஜாவாவின் துரோப்போடோ கிராமத்தில், சோயாக் கட்டி செய்யும் ஆலைகள் நெகிழிக் கழிவை அடுப்பெரிக்கப் பயன்படுத்தின. 2019இல் அங்கே நாட்டுக்கோழி முட்டைகளைச் சோதித்தபோது, ஆசியாவிலேயே அதுவரை பதிவானவற்றுள் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று காணப்பட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு நாட்டுக்கோழி முட்டை நல்லது என்று நாம் தேடிக் கொடுக்கிறோம். கோழி மேயும் இடத்துக்கு அருகே எரித்த சாம்பல் மேடு இருந்தால், கடை முட்டையே மேல்.

கருவிலிருக்கும் குழந்தையைப் பற்றி இத்தாலியின் செவெசோவில் தெரிந்தது இது: 1976 சூலை 10ஆம் தேதி ஓர் ஆலை விபத்தில் டையாக்சின் ஊர்மேல் பரவியது. ஏறக்குறைய இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அவ்வூர்த் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பார்த்தபோது, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். உயர்ந்திருந்தவர்கள் மாசுபடாத பகுதியில் 100க்கு 3 பேருக்கும் குறைவு. மிகவும் மாசுபட்ட பகுதியிலோ 16 பேர். குழந்தையின் மூளை வளர்வதற்குத் தைராய்டு சுரப்பு இன்றியமையாதது. செவெசோவில் பரவிய அளவு நம் ஊரில் இல்லை என்பது உண்மை. ஆனாலும் வாரந்தோறும் எரித்துக்கொண்டிருப்பதற்கு அது சமாதானம் ஆகாது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்கலாமா?

வேண்டாம். சுறா பல ஆண்டுகள் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் மீன் ஆதலால், அதன் சதையில் மீதைல் பாதரசம் மிகுதியாகச் சேர்கிறது. இஞ்சி, பூண்டு, மஞ்சள் சேர்த்து வேகவைத்து உதிர்த்து வதக்கினாலும் பாதரசம் போகாது. கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பதே பல நாடுகளின் சுகாதாரத் துறைகளுடைய அறிவுரை.

1956இல் ஜப்பானின் மினமாத்தாவில் வெளிப்பட்ட பாதரச நச்சு நோயில், தாய்க்கு லேசான அறிகுறி மட்டுமே இருக்க, வயிற்றிலிருந்த குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டுப் பிறந்தது. நாம் உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவதுபோல, ஜப்பானியர் அதைப் பெட்டியில் பாதுகாத்து வைப்பார்கள். மருத்துவர் ஹராடா மசசுமியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் அப்படிக் காக்கப்பட்ட கொடிகளைச் சோதித்து, கருவிலேயே பாதரசம் சேர்ந்ததை உறுதிப்படுத்தினார்கள்.

மீனையே நிறுத்திவிடாதீர்கள்; குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் மீனின் கொழுப்பு வேண்டும். கெம்போங், நெத்திலி, மத்தி போன்ற சிறிய மீன்கள் போதும். புட்டுதான் வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டால், கெம்போங்கை வேகவைத்து முள் எடுத்து அதே பக்குவத்தில் செய்து கொடுக்கலாம். பூண்டும் மிளகும் அப்படியே இருக்கட்டும்.

தாய்ப்பாலிலும் இவை இருக்கின்றனவாமே. பால்மாவு கொடுத்துவிடலாமா?

தாய்ப்பாலில் இருப்பது உண்மை. பி.சி.பி.யும் டையாக்சினும் பாலின் கொழுப்பில் வருகின்றன, பி.எஃப்.ஏ.எஸ்.ஸும் வருகிறது. இருந்தும் உலகச் சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, பிறகு இரண்டு வயது வரை மற்ற உணவோடு தாய்ப்பால் என்ற தன் பரிந்துரையை மாற்றவில்லை. அதற்கு வலுவான காரணம் உண்டு. பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் பி.சி.பி. அளவு கருவில் போனதைவிட மிக அதிகம். ஆனால் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியைச் சோதித்த ஆய்வுகளில், பாதிப்போடு தொடர்பு காட்டியது பெரும்பாலும் கருவில் பட்ட அளவுதான். தாய்ப்பால் தரும் நோய்த் தடுப்பும் ஊட்டமும் அந்த அளவுக்குப் பெரியவை. பால்மாவையும் குழாய் நீரில்தான் கலக்கிறோம்.

மாசு கட்டுப்படுத்தப்பட்டால் பாலும் மாறும் என்பதற்குச் சுவீடன் சான்று. அங்கே 1970களிலிருந்து தாய்ப்பாலில் பி.சி.பி.யும் டி.டி.டி.யும் தொடர்ந்து குறைந்து வந்திருக்கின்றன. பாலூட்டும் மாதங்களில் பட்டினி கிடந்து வேகமாக இளைக்க மட்டும் முயலாதீர்கள்; கொழுப்பு கரையும்போது அதில் சேர்ந்திருப்பதும் பாலுக்கு வரும்.

பாட்டி காலத்தில் லயச் சுவரெல்லாம் டி.டி.டி. அடித்தார்களாம். அது எங்கள் பிள்ளைகளையும் தொடருமா?

1967இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிக்கப்பட்டது. மலேரியாவால் செத்தவர்களை நினைத்தால் அன்று அது தேவையற்றது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அமெரிக்காவில் 1959க்கும் 1966க்கும் இடையே பிறந்தவர்களின் தாய்மார்களிடம் எடுத்துச் சேமித்த இரத்தத்தை 2001இல் ஆராய்ந்தபோது, டி.டி.டி.யின் எச்சம் மிகுந்தவர்களிடம் குறைப்பிரசவம் அதிகமாக இருந்தது. தலைமுறை தோறும் அந்த அளவு குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் உடலில் இருக்கக்கூடியது பாட்டிக்கு இருந்ததில் மிகச் சிறு பங்கே.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதுமா?

கிருமிக்குப் போதும். பி.எஃப்.ஏ.எஸ்.ஸுக்குப் பயனில்லை, நீர் ஆவியாவதால் மிச்சத்தில் செறிவு சற்றே கூடும். கரி வடிகட்டி குறைக்கும், உள்ளிருக்கும் கரியைக் குறித்த காலத்தில் மாற்றினால்.

ஒட்டாத தாவாவைத் தூக்கிப் போட வேண்டுமா?

பூச்சு உரிந்திருந்தால் மாற்றுங்கள். இரும்புத் தோசைக்கல்லுக்கு ஈடு இல்லை.

இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கலாமா?

வழக்கமான கர்ப்பக் காலச் சோதனைகளில் இது சேராது. அளவு தெரிந்தாலும் அதை உடலிலிருந்து எடுக்க வழக்கமான மருந்து இல்லை. இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் ஒவ்வொரு முறையும் பார்ப்பதுதான் நம்மால் இன்று செய்யக்கூடிய பயனுள்ள சோதனை. அதைக் கிளினிக்கிலேயே செய்கிறார்கள்.

பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் நம் மருத்துவமனைகள் இரண்டைச் சோதிக்கின்றன: தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மற்றொன்று சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருக்கும் ஜி6பி.டி. குறைபாடு. இது மாசைக் கண்டுபிடிக்கும் சோதனை அன்று. ஆனால் மறுபடி வரச் சொன்னால் அன்றே போங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் மூளைக்கு இழப்பு. ஜி6பி.டி. குறைபாடு என்று சொல்லப்பட்டால், அலமாரியில் போட்டிருக்கும் பூச்சி உருண்டைகளை உடனே அப்புறப்படுத்துங்கள். அவற்றிலுள்ள நாப்தலீன் அந்தக் குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். தொட்டிலுக்குப் பெட்டியிலிருந்து எடுத்த பழஞ்சேலையையும் நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகே கட்டுங்கள்.

எரிப்பதைப் பற்றி யாரிடம் புகார் செய்வது? செய்தால் பலன் உண்டா?

திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. தீ எரிந்துகொண்டிருந்தால் 999ஐ அழைத்துத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். தொடர்ந்து நடந்தால், சுற்றுச்சூழல் துறைக்கும் கோல லங்காட் நகராண்மைக் கழகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். தோட்டத்தில் மருந்தடிப்பு பற்றிய புகார் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குச் செல்ல வேண்டும்.

பலன் உண்டு. நியூயார்க்கில் குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிமருந்தை வீடுகளில் பயன்படுத்துவதற்கு முடிவு கட்டப்பட்ட பிறகு, 2001 முதல் பிறந்த குழந்தைகளிடம் அந்த மருந்துக்கும் எடைக் குறைவுக்கும் முன்பு தெரிந்த தொடர்பு காணப்படவில்லை. ஆலைக்குப் பூட்டுப் போடவைத்ததும் ஜெஞ்சாரோம் மக்களின் புகார்தான்.

“அடிக்கடி புகை வருகிறது” என்று எழுதினால் அதிகாரிகளால் அதிகம் செய்ய இயலாது. தேதி, தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், புகையின் நிறம், வாடை, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தச் சாலையின் எத்தனையாவது கிலோமீட்டர் கல்லுக்கு அருகே, குப்பை இறக்கிய லாரியின் எண் ஆகியவற்றை ஒரு பள்ளி நோட்டில் அன்றன்றே குறித்து வாருங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். இரண்டு வாரக் குறிப்பு சேர்ந்ததும், அக்கம்பக்கத்து வீட்டார் சிலரின் கையெழுத்தோடு நகல் எடுத்துக் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்பதையும் அதில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.